இரண்டு நாளைக்கென்று வந்தவர்

மருத்துவமனையின் சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, மாடியிலிருந்து அழுக்குத் துணி கொண்டு வருபவரின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா.

காலையில் இஸ்திரி மெஷின் சூடேறும்வரை அதன் முன்னால் கண்ணை மூடி நிற்பாள்.

"என்னக்கா, மெஷினையா கும்பிடறீங்க?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"கடவுளைத்தான். இன்னைக்கு வேண்டியதைக் குடுன்னு கேக்கறேன். நாளைக்கு வேண்டியதை நாளைக்குக் கேட்டுக்கலாம்."

அவள் கணவர் கதவு, ஜன்னல் செய்யும் தச்சர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். கல்யாணமாகி நெடுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை ஓடி விளையாடத் தொடங்கிய சமயத்தில் அவருக்கு இருமல் வந்தது. மரத்தூள்தான் என்று அசட்டையாக இருந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது.

அவள் தேய்த்த விரிப்பில்தான் அவர் படுத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து பக்கத்தில் உட்காருவாள்.

"தினமும் கேப்பியே, என்னை ஏன் இப்படிப் படுக்கப் போட்டார்னு உன் கடவுளைக் கேட்டியா?" என்றார் ஒருநாள்.

"கேட்டேங்க."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் பிடித்தது. "நல்லவேளை. நானும் கேட்டேன். எனக்குத்தான் காது கேக்கலையோன்னு நெனச்சேன்" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் மெஷின் முன்னால் நின்றாள். ஆனால் கேட்க வாய் வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலைக்கே கூட்டிவந்து, துவைத்த விரிப்புக் குவியலுக்கு நடுவே தூங்க வைத்தாள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இத்தனை நாள் பாக்காத மாதிரி போயிட்டேம்மா. இனி முடியாது. மேல கேக்கறாங்க."

அன்று வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பல மாதம் கழித்துக் கேட்டாள்: "யாரையாவது அனுப்பு."

சில நாளில் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றவர் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. "என் தம்பிக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கல்யாணத்தன்று கூட்டத்தில் வைத்துக் கேட்டவர். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்திருந்தது. 'யாரையாவது' என்று கேட்டிருக்கக் கூடாது, கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன். புள்ளையோட அத்தையை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுவியா?" என்றார் நாத்தனார்.

கதவைச் சாத்திவிடத்தான் மனசு சொன்னது. ஆனால் குழந்தை, "அத்தையா?" என்று கேட்டுக்கொண்டு அவர் பையைப் பிடித்து இழுத்தாள். அவள் விலகி வழி விட்டாள்.

வந்தவர் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. கத்தி மொக்கை, டீ தண்ணி, துண்டு கிழிசல் என்று எதிலும் குறை. ஆனால் குழந்தைக்குத் தலைவாரியதும், காய்ச்சலில் தோளிலிருந்து இறக்காமல் சுமந்ததும், பள்ளிக்கூட வாசலில் வெயிலில் காத்து நின்றதும் அவர்தான். சண்டை போட்ட நாளிலும் அவளுக்கு எடுத்து வைத்த சாப்பாட்டை மூடித்தான் வைத்திருப்பார். இரண்டு நாள் என்ற பேச்சை அப்புறம் யாருமே எடுக்கவில்லை. மெஷின் முன்னால் அவள் மறுபடி கண்ணை மூடிக் கேட்கத் தொடங்கினாள். உதவிக்கு ஆள் அனுப்பியதற்கு நன்றியும் சொன்னாள்.

மகள் படித்தாள், அத்தையிடம் கற்ற எதிர்ப்பேச்சோடு வளர்ந்தாள், வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். இரண்டு பேரும் தனியானார்கள். பிறகு நாத்தனாரின் வயிற்றில் கட்டி வந்தது. வயதாகிவிட்டது, கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர்.

அவள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தாள். உடம்பு துடைத்தாள், விரிப்பு மாற்றினாள். "இஸ்திரி போடறவ வீட்டுலயா இவ்வளவு சுருக்கம்?" என்று அப்போதும் குறை சொன்னார் நாத்தனார்.

ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் உனக்கு உதவ வந்தேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கே. அப்படியில்லை. எம்புள்ளை, 'இனி இங்கே இடமில்லை'ன்னு பையைத் தூக்கி வெளிய வெச்சுட்டான். போக்கிடம் இல்லாமத்தான் உன் கதவைத் தட்டினேன்."

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தனக்கு ஆள் வேண்டும் என்று மடியில் குழந்தையோடு அழுத நாட்களில், இந்த அம்மாவும் எங்கோ தெருவில் நின்றிருக்கிறார்.

"ஏன் அண்ணி சொல்லலை?"

"சொன்னா பாவம்னு பாத்திருப்பே. பாவம்னு பாக்கறவகிட்ட எப்படிச் சண்டை போடறது?"

"அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்பத்தான் நெனச்சேன் அண்ணி."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லுச்சே."

சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நாத்தனார் இறந்துபோனார். தன் தாய் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

அவள் ஓய்வு பெற்றதும் மகள் வந்து தன்னோடு கூட்டிப்போனாள். ஊர் புதுசு, படி ஏற மூட்டு வலித்தது, பேச்சுத்துணை இல்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சில நேரம் காரணமில்லாமல் கண் நிறையும். மகள் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா போனார், அத்தையும் போயிட்டாங்க. உனக்குக் கடவுள் மேல கோபமே வரலையாம்மா?"

"வராம என்ன? நல்லாத் திட்டியிருக்கேன். இன்னைக்குக் காலையிலகூட திட்டினேன்."

"அப்புறம் எதுக்கு இன்னும் அவர்கிட்டயே கேக்கறே?"

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"வேற யாருகிட்டடி போவேன்?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்க எழுந்து போனாள்.