மிளகு பறிப்பவரின் கழுத்து

கொல்லிமலையில் சித்தப்பா தோட்டத்துக்கு மிளகு பறிக்க வந்தவர் அவர். அண்ணாந்தே பழகிய தலை, தரையில் நிற்கும்போதும் பின்னால் சாய்ந்திருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று நாள் முழுக்கப் பறிப்பார். சாயங்காலம் கழுத்து வலித்ததும் மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடப்பார்.

“பாரம் அமுக்குனா கழுத்து நேராயிருங் கண்ணு!”

நான் பிசியோதெரபி மாணவன், சும்மா இருப்பேனா? அவருடைய வலது கை ஏணியைப் பிடிக்கத் தடுமாறுவதை வேறு பார்த்திருந்தேன். அண்ணாந்து பார்ப்பதால் கழுத்தில் நரம்பு நசுங்குகிறது, மூட்டை அதை இன்னும் நசுக்குகிறது, கை தடுமாறுவதும் அதனால்தான் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன்.

“அண்ணாந்து பாக்காதீங்கண்ணா. மூட்டையும் வேண்டாம்.”

“மொளகு என்ன தரையிலயா காய்க்குது?” என்று சிரித்தார். பிறகு விரல்களை மடக்கிப் பார்த்தார். “அப்ப இது போகாதா கண்ணு?”

“இதே வேலைன்னா கஷ்டந்தாங்கண்ணா. ஆஸ்பத்திரில காட்டுங்க.”

“காட்டுனா வேற வேலை குடுப்பாங்களா?”

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பாரம் ஏறியதும் வழக்கமாக அவர் முகத்தில் வரும் நிம்மதி அன்று வரவில்லை. கையை மடக்கி மடக்கி நீட்டியபடியே ரோட்டுக்கு நடந்தார்.