தூளிக்கு ஒரு கொக்கி

காலை ஒன்பது பத்து. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது மேற்கூரையை. வெள்ளைப் பலகை அடித்து, நடுவில் வட்ட விளக்குகள் பதித்திருந்தார்கள். கொக்கி எதுவும் இல்லை.

என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. அதுவரை தூளியைத் தவிர வேறெதிலும் அவன் தூங்கியதில்லை. வீட்டில் கட்டியிருந்தது, அம்மா விட்டுப்போன பழைய பருத்திப் புடவை. அம்மா காரைக்குடியில் இன்னும் வேலையில் இருந்தார். மாமியார் நாத்தனாரின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். பிரசவ விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்.

"எல்லாருக்கும் தனித்தனி பெட் மேடம். கேமரா இருக்கு, ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கலாம்" என்றார் காப்பகப் பொறுப்பாளர்.

"தூளி கட்டலாமாங்க?"

"பழக்கிரலாம் மேடம். ரெண்டு வாரம் அழுவான். அப்புறம் சரியாயிரும்."

இரண்டு வாரம் அவன் அழுவதைப் போனில் பார்த்துக்கொண்டே செய்தி எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அங்கன்வாடியில் இரண்டு வயது ஆகட்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். புதுக்கோட்டையில் நான் விசாரித்த பிளே ஸ்கூல்களில் குழந்தை நடந்து வர வேண்டும்.

தலைமை நிருபருக்குப் போன் செய்து இன்னும் ஒரு வாரம் கேட்டேன். "மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கம் செய்தி பாக்க ஆளே இல்லைங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, வேற ஆளைப் போட்டுர்றேன்" என்றார். வந்துவிடுகிறேன் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புதன்கிழமை போனேன். அவர் வீட்டு ஹாலில் கான்கிரீட் போடும்போதே பதித்த மூன்று இரும்புக் கொக்கிகள் இருந்தன. இரண்டில் தூளி ஆடியது. மூன்றாவது காலி.

"இங்கிட்டு ஒக்காருங்க. பாட்டில்ல குடிப்பானா?"

"குடிப்பான்ங்க."

"தூங்குவானா? அதச் சொல்லுங்க மொதல்ல. ஒருத்தன் கத்துனான்னா மத்தது ரெண்டும் எந்திரிச்சுரும். அப்புறம் நான் எங்கிட்டுப் போவேன்? ஒரு மத்தியானம் விட்டுப் பாருங்க. தூங்குனா சேத்துக்கிறேன்."

அன்று மாலையே தூளிப் புடவையை அவிழ்த்து, அந்த இடத்தில் வேறொன்றைக் கட்டிவிட்டு, அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து, நறுமணத் திரவத்தில் அலசி, மறுநாள் காலை இஸ்திரியும் போட்டேன். அடுத்தவர் வீட்டுக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வியாழன் மதியம் அவனை விட்டுவிட்டுச் சந்து முனையில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை. அழுகை டீக்கடை வரை கேட்டது. அவனுடையதுதானா என்று காது கொடுப்பதற்குள் இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. ஓடினேன். அந்த அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க. ஒங்க ஆளு ஊரையே கூட்டிட்டாரு." தோளில் போட்டிருந்த தூளிப் புடவையின் ஓரத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார். "இதை யாரு தொவைக்கச் சொன்னா?"

"நான்தாங்க. சுத்தமா இருக்கட்டும்னு..."

"பொண்ணு பாக்கவா வாராங்க, இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கீங்க? வீட்டு வாசனையே இல்ல, புள்ள எப்படித் தூங்கும்? ரெண்டு நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டே இருங்க. சனிக்கெழம கொண்டாங்க. அன்னைக்கும் கத்துனான்னா வேற எடம் பாத்துக்கங்க."

நான் வீட்டில் புடவை கட்டுவதில்லை. அதைக் கட்டிக்கொண்டு மீன் கழுவினேன், தாளித்தேன், அவனுக்குப் பால் கொடுத்தேன், படுத்தேன். நடக்கும்போதெல்லாம் கால் தடுக்கியது. அடுப்படியில் என்னைப் பார்த்த கணவர், "யாரு வீட்டு விசேஷம்?" என்றார்.

"உங்க மகனோட அட்மிஷன்."

"அப்ப நானும் வேட்டி கட்டிக்கவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு இடம் எதுவும் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த முந்தானையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மீன் வாசனை மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மறுபடியும் சந்து முனை. முதலில் கொஞ்ச நேரம் அழுகை கேட்டது. சட்டென்று நின்றது. நின்ற பிறகு உட்கார முடியவில்லை. வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கதவு லேசாகத் திறந்தது. அந்த அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னார்.

மூன்றாவது கொக்கியில் என் புடவை காலியாகத் தொங்கியது. அவன் கீழே பாயில் கிடந்தான். பக்கத்தில் படுத்திருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

"தூளியில போட்டேன், கத்துனான்" என்றார் அந்த அம்மா, கிசுகிசுத்த குரலில். "எறக்கி விட்டேன். உருண்டு போயி அவ காலைப் புடிச்சுக்கிட்டான். திங்கக்கெழம ஒம்பது மணிக்குக் கொண்டாந்துருங்க."

எழுப்பிக் கூட்டிப்போகவா என்று கேட்டேன். தொடக் கூடாது என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றே காலுக்குத்தான் அவன் கண் விழித்தான்.