பவளத்தைச் சுரண்டிய கை

பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, "கடல்ல பவளம் நடுறாரு" என்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னீர்களாம். வகுப்பே சிரித்ததாம். ஆம்பூரில் சிரிக்கத்தான் செய்வார்கள். இங்கே இருக்கிற ஆறே மழை பெய்தால்தான் ஆறு. நான் வேலை செய்யும் கடலுக்கோ தெற்கே ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். சிரித்தவர்களுக்கும் சேர்த்து, அந்த வேலையில் முதல் மாதமே நான் செய்த தப்பை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தோலைப் பலகையில் போட்டு, மேலிருந்து கீழாகச் சுரண்டுவது என் வேலை. தோல் கொழகொழவென்று இருந்தால் அழுகப் போகிறது என்று அர்த்தம். சுரண்டச் சுரண்ட வெள்ளையாக வரும். வெள்ளையாக வந்தால் மேஸ்திரி ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாததுதான் அவர் பாராட்டு. அந்த ஷாப்பை மூடிய பிறகு, தெற்கே லாரி ஓட்டும் உங்கள் மாமா ஒரு வேலை சொன்னார். போய்ப் பார்த்தேன். கடல் ஆராய்ச்சி செய்யும் மேடம் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீச்சல் தெரியுமா?"

"கெணத்துல நீஞ்சுவேன் மேடம்."

"கிணத்துல நீந்துறவங்க கடல்ல நல்லா நீந்துவாங்க. அலை இல்லாத நாளா பாத்து வாங்க" என்று சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

வேலை இதுதான். பவளம் பார்ப்பதற்குக் கல். ஆனால் கல் இல்லை. அந்தக் கல்லின் மேல் வெங்காயத்தின் உள்தோல் அளவுக்கு மெல்லிய உயிருள்ள சதை போர்த்தியிருக்கும். சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து, தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுதான் அந்தக் கல். அலையில் உடைந்து விழும் துண்டுகளைப் பொறுக்கி, சிமெண்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டி, ஆழமில்லாத கடலில் வரிசையாக வைப்போம். நாற்றங்கால் மாதிரி. வளர்ந்ததும் பவளப் பாறை அழிந்துபோன இடத்தில் கொண்டுபோய் நடுவோம். பாறை இருந்தால் மீன் வரும். கரைக்கு வரும் அலையின் வேகமும் கம்மியாகும்.

ஒரு நாள் படகில் தனியாக உட்கார்ந்து துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள். என் முன்னால் கடல்நீர்த் தொட்டி. கையில் எடுத்த துண்டுகளின் மேல் கொழகொழவென்று சளி மாதிரி ஊறி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக் கை யோசிக்குமா? படகு கழுவ வைத்திருந்த தேங்காய் நாரை எடுத்தேன். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. நார் பட்ட இடமெல்லாம் பழுப்பு நிறம் போய் வெள்ளைக் கோடாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பலகை முழுவதையும் அப்படியே பளிச்சென்று ஆக்கி, அன்றைக்குக் கடைசி வரிசையில் இறக்கிவிட்டோம். கலங்கல் தண்ணீர், யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கரையில் வலையை உதறிக்கொண்டே படகுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "வெள்ளையா இருந்தா சதை போயிருச்சுன்னு அர்த்தம்ணே. கையில எடுத்தா சளி விடும். அதுக்கு அதுதான் போர்வை."

பலகை முழுக்க நான் சுரண்டியது சதையைத்தான். அப்போதே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். மறுநாள் உங்கள் அத்தை கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட வேண்டும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மத்தியானப் பந்தியில் நான் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தேன். தோல் ஷாப்பில் என் பக்கத்துப் பலகையில் வேலை செய்த தோஸ்த் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு கத்தினான்.

"இன்னாடா, கடலுக்குப் போய்ட்டியாமே! அங்க மீனுக்குத் தோல் உரிக்கிறியா?"

"பவளம்டா."

"பவளமா? அப்ப தங்கச்சிக்கு ஒரு மாலை கொணாந்து போட்டிருக்கலாம்ல? கஞ்சப்பய!"

"அது வேற பவளம்டா. இதைத் தொட்டாலே கேஸ்."

"தொட்டா கேஸா? அப்ப ஒனக்கு இன்னாதான்டா வேலை அங்க?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எங்கள் வேலைக் குழுவுக்கு மேடம் ஒரு படம் அனுப்பியிருந்தார். கடைசி வரிசைப் பலகை. துண்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. கீழே எழுதியிருந்தார்: "நோய் மாதிரி தெரிகிறது. பரவுவதற்குள் நாளைக் காலை இந்த வரிசை முழுவதையும் எடுத்துவிடலாம்."

வரிசை முழுவதும். அதில் என் பலகை ஒன்றுதான். மற்றவை எல்லாம் வேறு ஆட்கள் கட்டியவை, நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவை. நோய் என்று எடுத்தால் திரும்பக் கடலில் வைக்க மாட்டார்கள். அது நோய் இல்லை, தேங்காய் நார் என்று தெரிந்த ஒரே ஆள் ஆம்பூர் மண்டபத்தில் வாளியோடு நிற்கிறான்.

வாளியை வைத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். உங்கள் அம்மா அங்கே தாம்பூலப் பை கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா ஆச்சு? பிரியாணி பத்தலையா?" என்றாள். சொன்னேன். இந்த வேலையும் போய்விடும் என்றும் சொன்னேன்.

உங்கள் அம்மா செருப்புக் கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள். பை கட்டுவதை நிறுத்தவில்லை.

"எங்க லைன்ல ஒருத்தி தப்பா தச்சுட்டு மூச்சு விடாம ஒக்காந்திருந்தா. இன்னா ஆச்சு தெரியுமா? மிஷின் கோளாறுன்னு நெனச்சு, அந்த மிஷின்ல தச்சதெல்லாத்தையும் வெட்டிப் போட்டாங்க. அவ வாயத் தொறந்திருந்தா நாலு ஜோடியோட போயிருக்கும்."

"வேலை போய்ட்டா?"

"போனா போவுது. நீ வாயத் தொற மொதல்ல. அப்பால இந்தப் பையைப் புடி."

மேடத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. காலையில் படகு கிளம்பிவிட்டால் கடலுக்குள் சிக்னல் கிடையாது. மேடையில் போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாவது தடவை எடுத்தார்.

"மேடம், அது நோய் இல்ல. நான்தான்."

"என்னது, நீங்கதானா?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தோல் ஷாப், சளி, நார், வெள்ளை. மண்டபத்தில் நாயனம் வேறு.

"எந்தப் பக்கமா தேச்சீங்க?"

"மேலேர்ந்து கீழ மேடம். எல்லாத்தையும் ஒரே மாதிரி."

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் போல. "அதான் எல்லாக் கோடும் ஒரே பக்கமா இருக்கு. நோய் இப்படிக் கோடு போட்டு வராதேன்னு காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டேன். சரி, வரிசையை எடுக்க வேணாம். உங்க பலகையை மட்டும் தள்ளி வெச்சுப் பார்ப்போம்."

"வேலை மேடம்?"

"லீவு முடிஞ்சதும் வாங்க. வரும்போது நார் எடுத்துட்டு வராதீங்க."

மேடைக்கு ஓடினேன். அந்தக் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் வாயெல்லாம் பல்லாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்பீர்களே, இதனால்தான்.

திரும்பிப் போனதும் முதல் வேலையாக அந்தப் பலகையைப் பார்க்கத் தண்ணீரில் இறங்கினேன். வெள்ளைக் கோடுகளின் இரண்டு ஓரத்திலிருந்தும் பழுப்புச் சதை உள்ளே வந்துகொண்டிருந்தது. காயத்தின் மேல் தோல் மூடுவது மாதிரி. நாலைந்து துண்டு போய்விட்டது. மீதி பிழைத்துக்கொண்டது. நீச்சல் கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றப் படகுக்கே வர வேண்டியதாயிற்று. படகுக்காரர், "உப்புத் தண்ணி பட்டுருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தச் சமயத்தில் மேடம் அரசாங்கத்துக்காக விதிமுறை எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கரையில் பவளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எங்கே நங்கூரம் போடக் கூடாது, எதைத் தொடக் கூடாது என்றெல்லாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு எதெல்லாம் தெரியாது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தக் கேள்விக்கு என்னை விட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

போன மாதம் அது புத்தகமாக வந்தது. வீட்டுக்கு ஒன்று கொண்டுவந்தேன். உங்களில் பெரியவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உரக்கப் படித்தாள்.

"பவளத்தின் மேல் ஊறும் கொழகொழப்பு அதன் பாதுகாப்பு. அதைத் துடைக்கவோ சுரண்டவோ கூடாது." நிமிர்ந்து பார்த்தாள். "இதைப் போய் யாராவது சொரண்டுவாங்களாப்பா?"

உங்கள் அம்மா குழம்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.

"சுரண்டினாங்கம்மா" என்றேன். "சாப்பிடு, சொல்றேன்."