கஸ்பார் புதைத்த வரிசை

திண்டுக்கல்லில் கஸ்பாரைப் போலக் குழி வெட்ட ஆள் கிடையாது. வாய் திறக்கத்தான் அவனுக்குத் துப்பில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு குடிசை. அதை விட்டால் போக்கிடமும் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நத்தம் சாலையை அகலப்படுத்த, பழைய தோட்டத்து எலும்புகளைப் புது இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை. கஸ்பார் ஒவ்வொருவராகத் தோண்டி, கலயத்தில் போட்டுக் கொண்டுபோய், வண்டிப்பாதையை ஒட்டி வாசலிலிருந்து உள்நோக்கி நேராகப் புதைத்தான். ஆறு முடிந்ததும் பக்கத்தில் அடுத்த ஆறு. பெயர் எழுதிய சிலுவைகளை நட்டவர், மாதா கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மிக்கேல்ராஜ். அவர் படித்தவர் அல்லவா, ஏட்டில் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாகக் குறுக்கே நட்டுவிட்டார். மூலைக்கு மூலை சாய்கோட்டில் கிடந்த ஆறு பேர் தப்பித்தார்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாக இடம் மாறிப்போனார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத கஸ்பார், தன் அண்ணன் சிலுவை எது என்று கேட்க, மிக்கேல்ராஜ் வேறு இடத்தைக் காட்டியபோதுதான் இது தெரிந்தது.

“வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. பேசாம இரு” என்றார் மிக்கேல்ராஜ். கஸ்பாரும் பேசாமல் இருந்தான்.

சகாயராணியின் ஒரே மகன், குடித்துவிட்டு ஓட்டிய சூசையின் மாங்காய் வண்டியில் அடிபட்டுச் செத்தவன். அதே வருஷம் காலராவில் சூசையும் போனான். பழைய தோட்டத்திலிருந்து மாற்றியவர்களில் இவர்களும் உண்டு. ஞாயிறுதோறும் அவள் மகன் சிலுவையை முத்தமிடுவாள். திரும்பும்போது சூசை சிலுவையடியில் காறித் துப்புவாள். இடம் மாறிய ஜோடிகளில் அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. வருஷக் கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றான் கஸ்பார்.

ஒரு கல்லறைத் திருநாளன்று அவள் சூசை சிலுவையடியில் கொட்ட வாளி நிறையச் சாணித் தண்ணீர் கொண்டுவந்தாள். கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

“வேணாம் தாயி! இங்கனதான் ஒம் மகன் கெடக்கான். சிலுவை மாறிப்போச்சு. நீ முத்தம் குடுக்குற எடத்துலதான் சூசை கெடக்கான்.”

அவள் கையை உதறினாள். “சூசை மக்க ஒனக்கு எம்புட்டுக் குடுத்தாக?”

சத்தம் கேட்டு வந்த மிக்கேல்ராஜ், கஸ்பாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“காலையிலேயே சாராயம் ஊத்திட்டான்மா. சிலுவையெல்லாம் நான் நட்டது, அதது எடத்துலதான் இருக்கு. ஏலே கஸ்பாரு, இன்னைக்கே குடிசையைக் காலி பண்ணு.”

கஸ்பார் சத்தியம் செய்தான், அழுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சகாயராணி முதலில் அவன் மூஞ்சியில் துப்பினாள். பிறகு வாளியை அந்த மண்மேட்டின் மேல் கவிழ்த்தாள். அப்போதும் ஆத்திரம் அடங்காமல், பெற்ற மகன் கிடந்த இடத்தைக் குதிகாலால் மிதித்தாள்.