பழப்பை வராத வீடு

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்வது ஆப்பிள். காய்ச்சலோ, கால் முறிவோ, ஆபரேஷனோ, வலங்கைமான் கடைத்தெருவில் ஆப்பிளும் ஒரு பிரட் பாக்கெட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் வைத்து, “உடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பை வந்தால் நோய் உண்டு. வராவிட்டால் இல்லை. என் கணவர் படுத்த இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பைகூட வந்ததில்லை.

அவர் மஸ்கட்டில் பைப் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போயிருந்த காலம் அது. அங்கே ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகும் அசதி போகவில்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும். வயலுக்கு ஒரு நடை போய் வந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த நாள்களில்தான் அடித்துப் போட்டதுபோல் விழுவார். தஞ்சாவூரில் ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தோம். எல்லாம் நார்மல். திருச்சியில் ஒரு பெண் டாக்டர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு களைப்பு நோய் இருக்கிறது, டெஸ்ட்டில் தெரியாது, உடம்பை மீறி எதுவும் செய்ய விடாதீர்கள் என்றார். அதை ஊரில் வாய்விட்டுச் சொன்னது என் கெட்ட நேரம்.

“சாப்புடறாரா?” என்று கேட்பார்கள். சாப்பிடுகிறார். “தூங்கறாரா?” தூங்குகிறார். “அப்பறம் என்னங்க?” இவ்வளவுதான் எங்கள் ஊர் வைத்தியம். சாப்பிட்டுத் தூங்குகிற மனிதனுக்கு என்ன நோய் இருக்க முடியும்? ஏசியில் இருந்து பழகிவிட்டான், அதனால் வெயிலில் நிற்க முடியவில்லை என்று எதிர்வீட்டு அம்மாள் கண்டுபிடித்தாள். அவர் அங்கே வேலை பார்த்ததே கொதிக்கிற வெட்டவெளியில். அந்த அம்மாள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவள் வம்சத்துக்கே கிடையாது.

இவர்கள் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன என்று இருந்துவிடுவேன். என் கணவரும் ஊரைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஆள். அவருடைய அண்ணன் நம்ப வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ‘உனக்கு உடம்பு முடியலடா தம்பி’ என்று அந்த வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மற்றதைத் தாங்கிக்கொள்வார்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். லீவு லெட்டர் படித்தே வயதானவர். வயிற்றுவலி என்று எழுதிய பிள்ளைகள் எல்லாம் பொய்தான் எழுதின என்பது அவர் வேலையில் கற்ற ஒரே பாடம். தம்பியை மறுபடி அனுப்புவதற்கு, எங்களைக் கேட்காமலேயே, இன்னொரு விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றார். முடியாது என்றதும் அவரே ஒரு பரீட்சை வைத்தார்.

“கொடியேத்தத்துக்கு நம்ம ஊர்க்காரங்க வேளாங்கண்ணிக்கு நடக்கறாங்கல்ல. நீயும் நட. வழியில முடியலன்னா உட்காந்துடு. உனக்கு உடம்பு சரியில்லன்னு நானே ஊருக்குச் சொல்றேன். நடந்து போய்ச் சேந்துட்டா விசாவுக்குக் கெளம்பு.”

“நடக்கறப்பத் தெரியாதுங்க. அப்பறந்தான் தெரியும். டாக்டரம்மா சொன்னாங்க” என்றேன்.

“நடந்தாலும் வியாதி, நடக்காட்டியும் வியாதி. நல்ல வியாதிம்மா இது” என்று சிரித்தார். சிரித்தபோது அவருக்குத் தன் புத்திசாலித்தனத்தின்மேல் அப்படி ஒரு பிரியம். என் கணவரோ சரி என்று தலையாட்டிவிட்டார்.

பூசை முடிந்து சாமியார் ஜெபம் செய்து மாலை போட்டுவிட்டார். காவி வேட்டியோடு என் கணவர் மாதா சொரூபம் வைத்த வண்டிக்குப் பின்னால் கிளம்பினார். நானும் கூடவே நடந்தேன். பரீட்சை வைத்தவர் ஸ்கூட்டரில் வந்தார். டீக்கடை டீக்கடையாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் வருகிறோமா என்று பார்ப்பார். குடவாசல் தாண்டும்போதே என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த வாய்க்கால் மதகைக் காட்டி, “உட்காருங்க. உட்காந்துட்டாப் போதும், உங்க அண்ணன் கேட்டதே அதான்” என்றேன்.

“மாதாவுக்குன்னு மாலை போட்டுக்கிட்டு பாதியில உட்காந்தா நம்ம புள்ளைக்கு ஆகாது” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கில் உட்கார்ந்தால்தான் ஜெயம். மாதாவுக்குக் கொடுத்த வாக்கில் உட்காரவே கூடாது. இரண்டையும் ஒரே மாலையில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதரை நான் என்ன சொல்லித் திருத்துவது? திருவாரூரில் மோர்ப்பந்தலில் ஆளைப் பிடித்து இழுத்தேன். கையை விடுவித்துக்கொண்டு, “மரியே வாழ்க” என்று கூட்டத்தோடு குரல் கொடுத்துக்கொண்டே போனார். கீழ்வேளூருக்குப் பிறகு அவர் கண் எங்கேயும் பார்க்கவில்லை. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்துவிட்டார். கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் அண்ணன் அவர் முதுகில் தட்டினார். “பாத்தியாடா? உடம்புல ஒண்ணும் இல்ல. எல்லாம் இங்கதான்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று நாள் ஒன்றாக நடந்து, ஒரே பந்தலில் சாப்பிட்டவர்கள்தான்.

ஊர் திரும்பி இரண்டு நாள் நன்றாக இருந்தார். அதற்குப் பிறகு விழுந்தவர், அறுவடை முடிந்து களம் காலியாகும் வரைக்கும் எழவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டால் வலித்தது. கஞ்சியை நான் ஊட்ட வேண்டியிருந்தது. அண்ணன் ஒருமுறை வந்து நிலைப்படியோடு நின்றார். “வேளாங்கண்ணிக்கு நடக்கத் தெரியுது, ஏர்போர்ட்டுக்குப் போகத் தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் விசா காலாவதியாகியிருந்தது. திட்டம் போட்டுப் படுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் அவரே சொன்னார். அந்த மனிதரை மரியாதையோடு நினைப்பதை நான் அன்றைக்கு நிறுத்தினேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

சில வருஷம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. “நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன், நீங்க கீழயே இருங்க” என்றேன். என் கணவர் கேட்கவில்லை. ஆப்பிள் பையைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நின்று நின்று ஏறினார்.

அறைக்குள் பழக்கடையே இருந்தது. அலமாரியிலும் ஜன்னலிலும் கட்டிலுக்கு அடியிலும் பைகள். எதிர்வீட்டு அம்மாள்கூட வந்திருந்தாள். அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தையல் போட்ட கோட்டை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறக்க மூச்சு இல்லை.

“படியேறியா வந்தே?” என்று கேட்டார் அண்ணன்.

என் கணவர் தலையாட்டினார். அண்ணன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“பாருங்க. மூணு மாடி. என்னால முடியுமா? இவனுக்கு என்ன கேடு?”

எல்லாரும் என் கணவரைக் கால் முதல் தலை வரை பார்த்தார்கள். அவர் சிரித்தார். அண்ணனைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இன்றைக்காவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார் என்றுதான் அத்தனை படியும் ஏறி வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். அண்ணன் மனைவி வாங்கி வைக்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. “உடம்பப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தேன். வீட்டில் அவரைப் படுக்கவைத்து, கட்டில் ஓரத்தில் பையை வைத்து, ஒரு பழத்தை எடுத்துத் தோல் சீவி நறுக்கிக் கொடுத்தேன். நோயாளிக்கென்று வாங்கிய பழம்.