போய்ட்டு வரலாம்

அயர்லாந்தில் நர்ஸ் வேலை உறுதியான நாளிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட வந்தவர்களிடம்கூட, அவர்கள் கேட்காமலேயே சொன்னேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன். கண்ணு பட்டுடும், வாயைக் கட்டு என்று கூட வேலை பார்த்தவர்கள் அதட்டினார்கள். சந்தோஷத்தை மூடி வைக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

சம்பளம் மட்டும் காரணமில்லை. என் மகளுக்கு ஆட்டிசம். இங்கே பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியிருக்கிறேன். "மத்த பசங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்று பேசிவைத்துக்கொண்ட மாதிரி எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நாங்கள் போகிற ஊர்ப் பள்ளியில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. சத்தம் தாங்கவில்லையென்றால் போய் உட்கார ஓர் அறைகூட இருக்கிறது. அந்த அறையின் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்து திறந்து பார்த்தே என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

கணவர் போர்வெல் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவர். கல்யாண வீட்டில் மேளம் தொடங்கினால் செருப்பை மறந்துவிட்டு வெளியே ஓடுவார். ராத்திரிக்குத் தினமும் இட்லியும் பொட்டுக்கடலைச் சட்னியும்தான், வேறு எதையும் தொடமாட்டார். மகளைப் பார்த்த டாக்டர் அறிகுறிகளை விளக்கிக்கொண்டு வந்தபோது, இவர் நிதானமாக, "அப்ப எனக்கும் இதான் போலக்குது டாக்டர்" என்றார். பரிசோதித்ததில் உண்மைதான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

மகளும் குஷியாகத்தான் இருந்தாள். விமானம் எழும்புகிற ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இறக்கையில் எந்தத் தகடு எப்போது விரியும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். என் பழைய நைலக்ஸ் புடவையின் துண்டு ஒன்று அவளுக்கு உயிர். விரலிடுக்கில் அதைத் தேய்த்தால்தான் தூக்கம் வரும். அதை மடித்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏன் பாப்பா, அத எடுத்துக்கினு வரல?"

"தொலைஞ்சிடும். போய்ட்டு வந்து எடுத்துக்கிறேன்." பிறகு, நாங்கள் விற்றுவிட்ட ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டாள். "எதிர்வூட்டு அத்தை நம்ம ஃபிரிட்ஜ எப்ப கொண்டாந்து தருவாங்க? எடுத்துக்கினு போய்ட்டு வரேன்னுதான சொன்னாங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். மற்ற எந்த வீட்டிலும் 'போய்ட்டு வரேன்'தான். வெறும் 'போறேன்' என்றால் அபசகுனம். அந்தப் பழக்கத்தில் மாதக்கணக்காக 'அயர்லாந்து போய்ட்டு வரலாம்' என்றே அவளிடம் சொல்லி வந்திருக்கிறேன். இதே வாயால் 'வெள்ளிமலை போய்ட்டு வரலாம்' என்று சொல்லி, பஸ்ஸில் மலையேறி, பொழுது சாய வீடு திரும்பியிருக்கிறோம். அவள் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் சொன்ன சொல் மாறினால் அவளுக்கு உலகமே கவிழ்ந்துவிடும். பஸ் வேறு வழியில் போனதற்கே ரோட்டில் படுத்து அலறியவள். நாளை விமான நிலையத்தில் 'மாட்டேன்' என்றால் யாராலும் அவளை ஏற்ற முடியாது. அலற அலறத் தூக்கிப்போக எனக்கும் மனசு வராது. அந்த வேலை, அந்தப் பள்ளி, அந்த அறை எல்லாம் அத்தோடு முடிந்தது.

"பாப்பா, நாம... நாம போறோம்."

"போய்ட்டு?"

"போயி அங்கியே இருக்கப் போறோம்."

அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நான் சமாதானம் சொல்லச் சொல்லக் காதைப் பொத்தினாள். கணவர் வந்து, என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலோரம் தரையில் மல்லாந்து படுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

"இனிமே நம்ம வூடு அங்கதான். லீவுக்கு இங்க வருவோம். எப்பன்னு எனக்கே தெரியாது."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். அம்மா ஏன் பொய் சொன்னாங்க?"

"பொய் இல்ல. ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. எனக்கும் புரியறதில்ல."

அவள் வெளியே வந்தாள். அலமாரியைத் திறந்து புடவைத் துண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். நான் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் வேனில் சென்னைக்குக் கிளம்பினோம். வழியில் எலவனாசூர்கோட்டையில் கணவருடைய அண்ணன் வீடு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்பேன், மகளுக்குப் பெரியம்மா. கரும்பும் கறவை மாடுமாகக் கிடக்கிறவர். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி மனுசனுக்கு இன்னா வேலை என்று கேட்பார். பிள்ளையைத் தொடாமல் பேசுங்கள் என்று ஒருமுறை சொன்னதை இன்றுவரை மீறாத ஒரே சொந்தம் அவர்தான். மற்றவர்கள் கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார்கள். அதனால் மகள் தானாகப் போய் ஒட்டி உட்காருவது அவரிடம் மட்டும்தான்.

விடைபெறும்போது அக்கா வாசலில் நின்றார். "பெரிம்மாகிட்ட போய்ட்டு வரேன்னு சொல்லு கண்ணு."

"போறேன்" என்றாள் மகள்.

அக்கா முகம் வாடிவிட்டது. "அய்ய, கெளம்புற நேரத்துல இன்னா வார்த்த அது? வரேன்னு சொல்லுடி தங்கம்."

"எப்ப வருவேன்னு தெரியாது. தெரியாதத சொல்லக்கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "நான் போறேன் பெரிம்மா. நீ வா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் சொல்கிற வாய்ப்பழக்கத்தில், "வரேன்டி, வரேன்" என்றார்.

"எப்ப?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. பதில் வராமல் அவள் வேனில் ஏறமாட்டாள் என்று அக்காவுக்கும் தெரியும். கொட்டகையில் நின்ற மாட்டைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"கரும்பு வெட்டு முடிஞ்சதும்" என்றார்.

மகள் தலையாட்டிவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் நகர்ந்தது. அக்கா கூடவே ஓடிவந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, இந்த பாஸ்போர்ட்டுன்றாங்களே, அத எங்க போய் எடுக்கறது?"