சொர்ணலட்சுமிக்கு எந்த வரிசை

ஒரு பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து புஸ்வாணத்துக்குத் திரி வைக்கும் சொர்ணலட்சுமிக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அந்த இருபத்தோரு நாளும் அவள் தூக்குவாளியில் வெறும் துவையல்தான். கேட்டதற்கு, "பல்லு வலி மதினி" என்றாள். பல்லில் ஒரு கோளாறும் இல்லை என்று பிறகு அவள் தங்கை சொல்லித்தான் தெரிந்தது.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் பிறந்தபோது மருத்துவச்சி ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லையாம். அவள் அம்மா, "சாமி குடுத்த பிள்ளை, போதும்" என்று பாவாடை தைத்துப் போட்டுவிட்டார். பெண்ணாகவே வளர்ந்தாள். இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் விஷயம் மேனேஜர் தங்கப்பாண்டியன் காதுக்குப் போய்விட்டது. எங்கள் கம்பெனி வாசலில் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று அவருக்குக் குழப்பம். டாக்டர் சீட்டு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவர் ரூமுக்கு அவளைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்; துணைக்கு நானும் போயிருந்தேன்.

"திருநங்கைன்னு எழுதிக்கிடவா?" என்றார்.

"அவுக வேற, நான் வேற சார். அவுகளப் பிறந்தப்போ ஆம்பளைன்னு எழுதியிருப்பாக. எனக்கு அப்பவே எழுதத் தெரியாம முழிச்சாக. எனக்குன்னு ஒரு சொல்லு இருக்கும், தேடிப் பாருங்க. ஆனா என்னைய மட்டும் கேட்டா எப்படி? எல்லாரையும் கேளுங்க."

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஃபாரம் அச்சடிக்கவா கஷ்டம்? மறுநாளே வந்துவிட்டது; எழுதிக் கொடுக்க அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். பேர், ஊர், அதற்குக் கீழே: ஊடுபால், ஆம் அல்லது இல்லை.

அந்தச் சொல் எங்களில் யாருக்கும் தெரியாது. குருவம்மாள் மதினி, "ஆம் போட்டாத்தான்டி எதுவும் கிடைக்கும். ஒருக்க இல்லைன்னு போட்டு கேஸ் அடுப்ப விட்டவ நான்" என்றார். ஷெட்டில் இருந்த நாற்பத்து மூன்று பேரும் ஆம் போட்டோம். சொர்ணலட்சுமி எங்கள் கையையே பார்த்துக்கொண்டு, வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள்.

தாள்களைப் புரட்டப் புரட்ட மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "ஏம்மா, பிறவியிலேயே ஆணு, பொண்ணுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாத உடம்புக்குத்தான் அந்தப் பேரு. நாப்பத்து மூணு பேருமா?"

ஒவ்வொருவராகச் சொர்ணலட்சுமி பக்கம் திரும்பினார்கள். அவள் முந்தானையை எடுத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

குருவம்மாள்தான் எழுந்தார். "எழுதுனது எழுதுனதுதான் சார். நாங்க மாத்த மாட்டோம். எல்லாரையும் டாக்டர்ட்ட அனுப்புறீகளா? சீசன் ஆர்டருக்கு நீங்களே திரி வச்சுக்கிடுவீகளா?"

"அச்சடிக்கிறதுல ஏதோ தப்பாயிருச்சு" என்று தாள்களை அள்ளிக்கொண்டு போனார் அவர். டாக்டர் சீட்டைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அவள் எங்கள் வரிசையிலேயே வந்தாள், போனாள்.

போன தீபாவளி முடிந்ததும் தங்கையோடு இருக்கக் காரியாபட்டிக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒரு பேரு கண்டுபிடிச்சுட்டாக மதினி. என்னைய மாதிரி இல்லாத உங்களுக்கு என்ன பேருன்னு ஒருத்தரும் சொல்லலையே. பாவம், இம்புட்டு வயசுக்குப் பேரில்லாம இருக்கீக. உங்க அம்மன்ட்ட கேட்டு ஒண்ணு வச்சுக்கோங்க."